கேபிளுக்கு முன்னால் மூன்று எண்கள்

நல்ல ஹெட்போன் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் முளைத்துவிடும். இதில் இருக்கிற இசையெல்லாம் முழுசாக என் காதுக்கு வந்து சேர்கிறதா, இல்லை நடுவில் ஏதாவது தின்றுவிடுகிறதா? கேட்டுப் பார்த்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வெள்ளிக் கேபிள் மாற்று என்பார் ஒருவர். பெரிய ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் மின்சமிக்ஞையைப் பெருக்கித் தரும் பெட்டி) இல்லாமல் அந்த ஹெட்போனைத் தொடவே கூடாது என்பார் அடுத்தவர். இருவருமே எண் எதையும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கேபிளைத்தான் வாங்கினேன். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. பிறகு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் வால் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன் என்று புரிந்தது. முதலில் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்: ஹெட்போனின் இம்பீடன்ஸ், அதன் சென்சிட்டிவிட்டி, ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ். கேபிளின் முறை அதற்கெல்லாம் பின்னால்தான். அப்போதும் அதைக் காதால் தேர்ந்தெடுப்பதைவிடக் கையால் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஹெட்போன் என்ன கேட்கிறது

இம்பீடன்ஸ் என்பது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு. ஓம் கணக்கில் சொல்வார்கள். காதுக்குள் செருகும் இயர்போன்கள் 16 ஓம் பக்கத்தில் இருக்கும். ஸ்டுடியோவுக்கென்று செய்த சில ஹெட்போன்கள் 600 ஓம் வரை போகும். சென்சிட்டிவிட்டி என்பது, கொடுத்த மின்சாரத்துக்கு ஹெட்போன் எவ்வளவு சத்தத்தைத் திருப்பித் தருகிறது என்பது. அளவு டெசிபலில்.

இந்த இரண்டாவது எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று எழுதும்; சில 1 வோல்ட்டுக்கு இத்தனை என்று எழுதும். இரண்டும் ஒன்றல்ல. 300 ஓம் ஹெட்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் அது எடுத்துக்கொள்வது 3.3 மில்லிவாட். 32 ஓம் ஹெட்போனுக்கு அதே 1 வோல்ட் கொடுத்தால் 31 மில்லிவாட். ஆகவே வோல்ட் கணக்கில் எழுதிய எண், மில்லிவாட் கணக்கைவிட முதல் ஹெட்போனில் 5 டெசிபலும் இரண்டாவதில் 15 டெசிபலும் கூடுதலாகத் தெரியும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்காமல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஏமாற்றம்தான்.

"ஓம் அதிகமென்றால் பெரிய ஆம்ப் வேண்டும்" என்பது பரவலாக நம்பப்படுவது. பாதி உண்மை. பேயர்டைனமிக் டிடி 880 என்ற ஹெட்போன் 32, 250, 600 ஓம் என்று மூன்று வடிவங்களில் வந்தது. மூன்றுக்கும் நிறுவனம் தரும் சென்சிட்டிவிட்டி ஒன்றே: 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். இசையின் உச்சக் கணங்கள் 110 டெசிபலைத் தொட இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (அது நொடியில் வந்துபோகும் உச்சத்துக்கான கணக்கு. கேட்கும் அளவு அதுவல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்.) 96இலிருந்து 110க்குப் போக 14 டெசிபல் வேண்டும், அதாவது சுமார் 25 மில்லிவாட். மூன்று வடிவங்களுக்கும் திறன் இதேதான். ஆனால் 32 ஓம் ஹெட்போன் அந்தத் திறனை 0.9 வோல்ட்டிலும் 28 மில்லிஆம்பியரிலும் எடுத்துக்கொள்ளும். 600 ஓம் ஹெட்போனுக்கு 3.9 வோல்ட் வேண்டும், மின்னோட்டமோ 6.5 மில்லிஆம்பியர் போதும்.

போனில் செருகும் சின்ன டாங்கிள் பெரும்பாலும் 1 வோல்ட் பக்கம்தான் தரும். அதனால்தான் 32 ஓம் வடிவம் அதில் நன்றாகப் பாடுகிறது, 600 ஓம் வடிவம் முனகுகிறது. 600 ஓமுக்கு வலு போதவில்லை என்று சொல்வதைவிட வோல்ட் போதவில்லை என்று சொல்வதே சரி.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. சென்ஹைசர் எச்டி 600, 1997இல் வந்த 300 ஓம் ஹெட்போன். 1 வோல்ட்டுக்கு 97 டெசிபல் தருகிறது. ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். ஓமை மட்டும் பார்க்கிறவர் எச்இ-6 சுலபம் என்று நினைப்பார். கணக்குப் போடுங்கள். 110 டெசிபலுக்கு எச்டி 600 கேட்பது 4.5 வோல்ட், 15 மில்லிஆம்பியர். எச்இ-6 கேட்பது 4.7 வோல்ட், ஏறக்குறைய 95 மில்லிஆம்பியர். வோல்ட் கிட்டத்தட்ட சமம், மின்னோட்டம் ஆறு மடங்கு. எச்இ-6 வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் ஆம்பையெல்லாம் தேடிப்போனதன் காரணம் இதுதான்.

ஆக, ஒரு ஹெட்போனைப் பார்த்தால் இரண்டு கேள்வி: இதற்கு எத்தனை வோல்ட்? எத்தனை மில்லிஆம்பியர்? ஓம் விதியும் (வோல்ட் = மின்னோட்டம் × ஓம்) திறன் கணக்கும் (திறன் = வோல்ட் × மின்னோட்டம்) தெரிந்தால் போதும். 10 டெசிபல் கூடினால் திறன் 10 மடங்கு, 3 டெசிபல் கூடினால் 2 மடங்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு பலருக்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கும். எச்டி 600ஐயே 1 வோல்ட் டாங்கிளில் போட்டால் உச்சம் 97 டெசிபல் வரை வரும். சத்தமாகவே பதிவுசெய்யப்படும் இன்றைய பாடல்களுக்கு அது தாராளம். மெல்லிய வாசிப்பும் திடீர் எழுச்சியுமாகப் போகிற இசைக்குழுப் பதிவுகளில்தான் வால்யூமை முழுசாகத் திருகிவிட்டு இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று தோன்றும். எதைக் கேட்கிறீர்கள் என்பதும் ஆம்பின் கணக்கில் சேரும்.

ஆம்ப் எப்படிக் கொடுக்கிறது

மூன்றாவது எண், அவுட்புட் இம்பீடன்ஸ். ஆம்புக்கு உள்ளேயே ஒரு மின்தடை உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் தரும் வோல்ட்டை இந்த உள் மின்தடையும் ஹெட்போனும் பங்கு போட்டுக்கொள்ளும். ஹெட்போனின் ஓம் எல்லா சுருதியிலும் ஒரேபோல் இருந்தால் சத்தம் மொத்தமாகக் கொஞ்சம் குறையும், வேறொன்றும் ஆகாது. எச்இ-6 போல, மெல்லிய தட்டைச் சவ்வை அசைத்து ஓசை எழுப்பும் பிளானர் ஹெட்போன்கள் அப்படித்தான். அவற்றின் இம்பீடன்ஸ் கோடு கிழித்தாற்போல் நேராக இருக்கும்.

கம்பிச் சுருள் அசைந்து ஓசை எழுப்பும் வழக்கமான டைனமிக் ஹெட்போன்கள் அப்படியில்லை. எச்டி 600ஐ 300 ஓம் என்று எழுதியிருந்தாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது 500 ஓமுக்கு மேல் ஏறிவிடுகிறது. பழைய சாதனங்களில் 120 ஓம் அவுட்புட் சாதாரணம். ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரநிலையே அந்த எண்ணைச் சொன்னது. 120 ஓம் ஆம்பில் எச்டி 600ஐச் செருகினால் அந்தக் கீழ் சுருதியில் மட்டும் சுமார் 1 டெசிபல் கூடும். பாஸ் கொஞ்சம் தடித்துக் கேட்கும். சிலருக்கு அது பிடித்தும் இருக்கிறது. "இந்த ஆம்ப் ரொம்ப இதமாகப் பாடுகிறது" என்று சொல்கிறபோது பாதி நேரம் அவர்கள் வர்ணிப்பது இந்த ஒரு டெசிபலைத்தான்.

விவகாரம் பெரிதாவது காதுக்குள் செருகும் இயர்போன்களில். ஒரே காதில் நாலைந்து குட்டி டிரைவர்கள் (ஓசை எழுப்பும் பாகங்கள்) அடைத்த இயர்போனில் இம்பீடன்ஸ் மலையும் பள்ளமுமாக இருக்கும். ஓரிடத்தில் 40 ஓம், இன்னோரிடத்தில் 8 ஓம் என்று கொள்வோம். ஆம்பின் உள் மின்தடை 10 ஓம் என்றால் முதல் இடத்தில் வோல்ட்டில் 80 சதவீதம் ஹெட்போனுக்குப் போகும், இரண்டாவது இடத்தில் 44 சதவீதம்தான். வித்தியாசம் 5 டெசிபல். இயர்போனை வடிவமைத்தவர் நினைத்த ஓசை வேறு, நீங்கள் கேட்பது வேறு.

இதற்கு ஒரு எளிய விதி சொல்வார்கள்: ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 32 ஓமுக்கு 4 ஓம், 16 ஓமுக்கு 2 ஓம். அந்த மாதிரிப் பல டிரைவர் இயர்போனுக்கு நான் 1 ஓமுக்குக் கீழே பார்க்கச் சொல்வேன். இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்புகளில் அது அரிதான குணமல்ல.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் ஓடும் வால்வு ஆம்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். டிரான்ஸ்பார்மர் இல்லாத வகை வால்வு ஆம்ப் வோல்ட்டைத் தாராளமாகத் தரும், மின்னோட்டத்தில் கஞ்சம், அவுட்புட் இம்பீடன்ஸோ பல பத்து ஓம். 300 ஓம், 600 ஓம் ஹெட்போனுக்கு அழகான ஜோடி. 50 ஓம் பிளானருக்கு அதை வாங்கிவிட்டு ஹெட்போனைக் குறை சொல்வது நியாயமில்லை.

வலு கூடினாலும் தொல்லைதான். 1 மில்லிவாட்டுக்கு 110 டெசிபலுக்கு மேல் தரும் இயர்போனைப் பெரிய ஆம்பில் செருகினால் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே "ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல் கேட்கும். அது ஆம்பின் சொந்த இரைச்சல். இயர்போனின் கூர்மை அதையும் விடாமல் காட்டிக்கொடுக்கிறது. வால்யூம் குமிழையும் ஒரு நூலளவுக்கு மேல் திருக முடியாது. அந்த அடிமட்டத்தில் பல குமிழ்களில் இடது வலது சமமாக இருப்பதில்லை. ஆம்பில் கெயின் சுவிட்ச் (எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று மாற்றுவது) இருந்தால் குறைந்த நிலையில் வையுங்கள். அந்த சுவிட்ச் இருப்பதே இதற்காகத்தான்.

டிஜிட்டல் எண்களை ஓசைக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் டிஏசிக்கு நான் அதிக இடம் தரவில்லை. ஒழுங்காகச் செய்த சாதாரண டிஏசியே இன்று காதின் எல்லையைத் தாண்டி நிற்கிறது. அதில் செலவழிக்க நினைத்ததை ஹெட்போனில் போடுங்கள்.

சரி, கேபிள்

இனி எண்களோடு கேபிளைப் பார்க்கலாம். 26 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) செம்புக் கம்பி மீட்டருக்கு 0.134 ஓம். 3 மீட்டர் கேபிள் என்றால் போக வர 6 மீட்டர், மொத்தம் 0.8 ஓம். 300 ஓம் ஹெட்போனுக்கு முன்னால் இது என்ன செய்யும்? சத்தத்தை 0.02 டெசிபல் குறைக்கும். மனிதக் காதுக்கு அது பூஜ்யம். வெள்ளி, செம்பைவிட 5 அல்லது 6 சதவீதம்தான் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அதே தடிமனில் வெள்ளிக் கம்பி போட்டால் 0.8 ஓம், 0.76 ஓம் ஆகும். அதே பலனைச் செம்பிலேயே ஒரு நூல் தடித்த கம்பி போட்டுப் பெற்றுவிடலாம்.

உயர் சுருதிகள் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும் என்று ஒரு விளக்கம் வரும். ஓடும்தான். ஆனால் 20,000 ஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் சுமார் 0.46 மில்லிமீட்டர். நம் 26 கேஜ் கம்பியின் மொத்த விட்டமே 0.4 மில்லிமீட்டர். தோலுக்குள்ளேயே முழுக் கம்பியும் அடங்கிவிட்டது. கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை) அப்படியே: மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தாலும், 3 மீட்டரில் 20,000 ஹெர்ட்ஸுக்கு அது 26,000 ஓம் மாதிரி நிற்கும். 300 ஓம் ஹெட்போனுக்குப் பக்கத்தில் அது இருப்பதே தெரியாது.

விதிவிலக்கு இரண்டு உண்டு. ஒன்று, மேலே சொன்ன மலையும் பள்ளமுமான இயர்போன். 1.2 மீட்டர் மெல்லிய கேபிள் அரை ஓம் இருந்தால், 40 ஓம் இடத்துக்கும் 8 ஓம் இடத்துக்கும் நடுவே 0.4 டெசிபல் வித்தியாசம் வரும். உன்னிப்பாகக் கேட்பவருக்கு இது பிடிபடலாம். ஆகவே அங்கே கேபிளின் ஓம் எவ்வளவு என்று கேட்பது அர்த்தமுள்ள கேள்வி. எந்த உலோகம் என்று கேட்பது அதற்கு அடுத்ததுதான். இரண்டாவது, ஸ்டாக்ஸ் போன்ற மின்னிலை ஹெட்போன்கள். 580 வோல்ட் நிலை மின்னழுத்தத்தில் ஓடும் அவை தாமே ஒரு கெப்பாசிட்டர். கேபிளையும் சேர்த்து 110 பிக்கோஃபாரட் பக்கம்தான் இருக்கும் என்பதால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் அங்கே உண்மையிலேயே ஒரு பங்கு. ஆனால் அதற்கென்று தனி ஆம்பும் தனிக் கேபிளும் சேர்ந்தே வருவதால் புதிதாக வருகிறவர் தேர்வு செய்ய அங்கே ஒன்றும் இல்லை.

அப்படியானால் கேபிள் மாற்றியவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. நான் வாங்கிய கேபிளிலும் முதல் நாள் பாஸ் கூடித்தான் கேட்டது. பிறகு யோசித்தேன். கேபிளை மாற்ற வேண்டுமென்றால் ஹெட்போனைக் கழற்றி, மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். மறுபடி மாட்டும்போது இயர்பேட் காதைச் சுற்றி முன்பு இருந்த அதே இடத்தில் உட்காராது. அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே மேல் சுருதிகளில் சில டெசிபல் மாறிவிடும். கண்ணாடிக் காம்பு இடையில் சிக்கினால் பாஸ் கசிந்து போகும். எனக்குக் கேட்ட மாற்றம் நிஜம்தான், காரணம்தான் வேறு. ஒரே கேபிளைக் கழற்றாமல், ஹெட்போனை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிக் கேட்டுப் பாருங்கள். அதே "முன்னேற்றம்" சில சமயம் இலவசமாகக் கிடைக்கும்.

சத்த அளவும் ஏமாற்றும். அரை டெசிபல் கூடினால் சத்தம் கூடியதாகத் தோன்றாது, தெளிவு கூடியதாகத் தோன்றும். எனவே இரண்டு ஆம்பை ஒப்பிடுகிறவர்கள் மல்ட்டிமீட்டரை வைத்து இரண்டின் வோல்ட்டையும் 1 சதவீதத்துக்குள் சமப்படுத்திவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் வாங்கும் ஆசையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கையால் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன? முதலில் நீளம். மேசையில் கேட்பவருக்கு 2 மீட்டர் இதமாக இருக்கும். அதைவிடக் குறைந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளும்போது ஆம்பும் கூடவே வரும். அப்புறம் எடை, வளைவு. தடிமனான பின்னல் கேபிள் படத்தில் அழகாக இருக்கும், தலையில் மாட்டினால் ஒரு பக்கமாக இழுக்கும். சட்டையில் உரசும்போது வரும் "சர்ர்" ஒலி காதுக்குள் ஏறுகிறதா என்று பாருங்கள். இயர்போன்களில் இது பெரிய எரிச்சல். கடைசியாக, பிளக்கும் கம்பியும் சேரும் கழுத்து. நிறைய கேபிள்கள் உயிரை விடுவது அங்கேதான். அங்கே வளைந்துகொடுக்கும் ரப்பர் உறை இருக்க வேண்டும்.

பிளக் சமாசாரம்

ஆம்ப் பக்கம் 3.5 மில்லிமீட்டர் பிளக்கும் 6.35 மில்லிமீட்டர் பிளக்கும் எல்லாருக்கும் தெரியும். பெரியது 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களிலிருந்து வந்தது. இன்னும் ஓய்வு பெறவில்லை. இவற்றில் இடது வலது இரண்டுக்கும் மின்னோட்டம் ஆம்புக்குத் திரும்பும் வழி ஒன்றே. பேலன்ஸ்டு வகையில் இரண்டுக்கும் தனித்தனி வழி: நான்கு பின் எக்ஸ்எல்ஆர், 4.4 மில்லிமீட்டர், பழைய பிளேயர்களில் 2.5 மில்லிமீட்டர். இந்தக் கடைசி ஒன்று சுலபமாக முறியும்; புதிதாக வாங்குவதானால் தவிர்த்துவிடலாம்.

பேலன்ஸ்டு என்பதற்காக ஓசை உயர்ந்துவிடாது. பல ஆம்புகளில் அந்தத் துளை இரண்டு மடங்கு வோல்ட் தரும், அதாவது 6 டெசிபல் கூடுதல். எச்இ-6 மாதிரி பசியோடிருக்கும் ஹெட்போனுக்கு அது உதவி. இரைச்சல் கேட்கும் இயர்போனுக்கு அதுவே உபத்திரவம். உங்கள் கணக்கில் சாதாரணத் துளையிலேயே வோல்ட் போதுமென்றால் அங்கேயே நிற்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பேலன்ஸ்டு கேபிளை அடாப்டர் போட்டுச் சாதாரண 6.35 துளையில் செருகலாம், ஆபத்தில்லை. ஆனால் பேலன்ஸ்டு துளையில் அடாப்டர் போட்டு சாதாரண மூன்று வளையப் பிளக்கைச் செருகக் கூடாது. ஆம்பின் இடது, வலது கழித்தல் முனைகள் இரண்டும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், ஆம்ப் எரிந்துபோகலாம். அடாப்டர் விற்கிறார்கள் என்பது அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றல்ல.

ஹெட்போன் பக்கம் ஆளுக்கொரு பிளக்: சென்ஹைசரின் தடித்ததும் மெலிந்ததுமான இரட்டைப் பின், ஆடஸியின் நான்கு பின் மினி எக்ஸ்எல்ஆர், இயர்போன்களில் எம்எம்சிஎக்ஸ், 0.78 மில்லிமீட்டர் இரட்டைப் பின். இரண்டு பக்கமும் 3.5 பிளக் வைத்த ஹெட்போன்களில்தான் கவனம் வேண்டும். பிளக் ஒன்றே என்றாலும் உள்ளே எந்த வளையம் எதற்கு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஒற்றைப் பக்கம் மட்டும் கேபிள் நுழையும் ஹெட்போன்களில் பெரும்பாலும் உள்ளேயே திரும்பும் வழி ஒன்றுதான். உள்கம்பியை மாற்றாமல் அவற்றைப் பேலன்ஸ்டு ஆக்க முடியாது.

புதுக் கேபிள் வந்தால் நான் முதலில் பாட்டுப் போடுவதில்லை. மல்ட்டிமீட்டரை எடுத்து, ஒவ்வொரு பின்னும் எந்த வளையத்தோடு பேசுகிறது என்று பார்க்கிறேன். இடதில் மட்டும் கூட்டல் முனையும் கழித்தல் முனையும் இடம் மாறியிருந்தால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிக் கரைந்துபோகும். அது கேபிளின் "விசாலமான மேடை" என்று நானே ஒரு மாலை முழுக்க ரசித்திருக்கிறேன்.